இறங்கி ஓடுவதும் ஆட்டம்தான்

அன்புள்ள தம்பி,

காறை எலும்பு கூடிவிட்டது, டாக்டர் சரி என்றுவிட்டார், சனி ஞாயிறு இரண்டு நாளும் சைக்ளோகிராஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் எதற்குச் சரி என்றார்? இந்த ஆட்டத்தைப் பார்க்காதவருக்குச் சைக்கிள் என்றால் மிதிப்பதுதான் நினைவுக்கு வரும். நீயோ எட்டுக் கிலோ சைக்கிளை, சேறு ஏறினால் இன்னும் கனக்கும், வலது தோளில் மாட்டிக்கொண்டு மேடேறப் போகிறாய். உடைந்ததும் அதே பக்கம். அதைச் செய்யலாமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்.

வீட்டில் சைக்கிள் டிரெய்னரில் மிதித்தே மூச்சைத் தேற்றிவிட்டாயாம். நல்லதுதான். ஆனால் காயத்துக்குப் பிறகு மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். தசைநாரும் எலும்பும் நிதானமாகத்தான் வரும். அந்த இடைவெளியில்தான் பலருக்கு மறுபடியும் அடிபடுகிறது. டிரெய்னரில் யாரும் ஓடுவதில்லை, குதிப்பதில்லை. இந்த வாரம் புல்தரையில் இறங்கி ஏறிப் பழகு. இடப்பக்கம் இறங்கு. ஏறும்போது துள்ளி விழாமல், உள்தொடை முதலில் சீட்டைத் தொடும்படி வழுக்கி உட்கார். முதலில் நடந்துகொண்டே செய். உடம்பு பதறாமல் செய்ய வந்த பிறகு ஓடு.

சனிக்கிழமை கடைசி வரிசையில் நில். புறப்பட்ட உடனே எல்லோரும் முதல் வளைவுக்கு முண்டியடிப்பார்கள். முழங்கை உரசும், ஹேண்டில்பார் சிக்கும். அந்தக் கூட்டத்தில் உன் தோளுக்கு வேலையில்லை. போட்டி முக்கால் மணி நேரம் என்றாலும், அந்த முதல் நிமிடம் போய்விட்டால் வரிசை நீண்டு இடம் கிடைக்கும்.

பலகைத் தடுப்பு 40 செ.மீ. உயரம் வரை இருக்கலாம். சைக்ளோகிராஸ் வீரர் ஸ்வென் நைஸ் அதைச் சைக்கிளோடு தாண்டிக் குதிப்பதை நீ எத்தனை முறை பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ இறங்கு. மணலில் சக்கரம் புதையத் தொடங்கும்போதும், சரிவில் கை பிரேக்கை விட மறுக்கும்போதும் இறங்கி ஓடு. மற்ற சைக்கிள் பந்தயங்களில் பெரும்பாலும் இறங்கினால் தோற்றதாகப் பார்ப்பார்கள். இங்கே இறங்க வைப்பதற்கென்றே தடம் போடுகிறார்கள். காயத்திலிருந்து வருகிறவனுக்கு இதைவிட வசதியான ஆட்டம் கிடையாது. எங்கெங்கே இறங்குவது என்பதை முன்னோட்டச் சுற்றிலேயே முடிவு செய்துகொள்; மூச்சு வாங்கும்போது எடுக்கும் முடிவெல்லாம் வீரமாகத்தான் இருக்கும்.

டயரில் காற்றைச் சற்றுக் குறை. குலுக்கல் தோளுக்கு ஏறாது. ரிம் தரையில் இடிக்காத அளவு போதும். முன்னணி ஆள் ஒரு சுற்று முந்தி வந்தால், சட்டென்று விலகாமல் உன் கோட்டிலேயே போ. அவர் வழி பார்த்துக்கொள்வார்.

இனி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் காயத்திலிருந்து திரும்பிய இரண்டு வீரர்களின் கதையைக் கேள். வௌட் வான் ஆர்ட் 2019 ஜூலையில், டூர் டி பிரான்ஸின் நேரப் போட்டியில் தடுப்பில் மோதித் தொடை கிழிந்து விழுந்தார். சைக்ளோகிராஸில் மூன்று முறை உலக சாம்பியனான அவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்பியது டிசம்பர் 27 அன்று லூன்ஹவுட்டில்; ஐந்தாவதாக வந்தார். மாத்தியு வான் டர் போல் 2021இல் காயத்திலிருந்து திரும்பி, டிசம்பர் 26 அன்று டென்டர்மோண்டேயில் இரண்டாவதாக வந்தார். பார்த்தவர்கள் ஆள் தேறிவிட்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள். மறுநாள் ஹியூஸ்டன்-ஸோல்டரில் பாதியில் விலகினார். அந்தக் குளிர்காலப் பருவமே அவருக்கு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஓய்வெடுத்ததால் ஒன்றும் கெட்டுவிடவில்லை: 2022 ஏப்ரலில் டூர் ஆஃப் பிளாண்டர்ஸை வென்றார்.

போட்டியின் சூட்டில் தோள் உண்மை பேசாது. மறுநாள் காலை சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கும்போதுதான் பேசும். ஆகவே இரண்டாம் போட்டியை விட்டுவிடு. கட்டிய பணம் போனால் போகட்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, மணலில் யார் யார் எந்த இடத்தில் இறங்குகிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்