மோர் குடித்தால் சளி பிடிக்குமா?

கேள்வி: ஏழு வயது மகனுக்கு அடிக்கடி சளி, வீசிங். மோரே ஆகாது என்கிறார் மாமியார். கடையில் விற்கும் புரோபயாடிக் பானம் நுரையீரலுக்கு நல்லது என்கிறார்கள் தோழிகள். எதைக் கேட்பது?
- வாசகி, திருச்சி

பதில்: பால் அலர்ஜி இல்லையென்றால் மோரைத் தாராளமாகக் கொடுங்கள், அம்மா. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, மோரால் அல்ல.

புரோபயாடிக் பானம் என்பது நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கலந்தது. ஜப்பானிய விஞ்ஞானி மினோரு ஷிரோட்டா 1930-இல் தேர்ந்தெடுத்து வளர்த்த பாக்டீரியாதான், அத்தகைய பானமான யாகுல்ட்டில் இருக்கிறது. நம் குடலில் நோயெதிர்ப்புச் செல்கள் ஏராளமாக இருப்பதால், இத்தகைய நுண்ணுயிர்கள் சுவாசத் தொற்றையும் தடுக்குமா என்று பல ஆய்வுகள் நடந்தன. அவற்றைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை, சளி, தொண்டைத் தொற்று வருவது ஓரளவு குறையலாம் என்கிறது. வீசிங்குக்கு இவை மருந்து என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பல பானங்களில் சர்க்கரையும் அதிகம், லேபிளைப் பாருங்கள். எது கொடுத்தாலும், டாக்டர் எழுதிய இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.