பனோரமா ஃபிலிம் கேமரா: வாங்கும் முன் கம்ப்யூட்டரையும் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலருக்கு அடுத்த ஆசை கேமரா. அதிலும் 120 ஃபிலிமில் அகன்ற படம் எடுக்கும் மீடியம் ஃபார்மட் பனோரமா கேமரா என்றால் கேட்கவே வேண்டாம். இவை இன்று பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும். விலையோ ஒரு நல்ல லேப்டாப்பைத் தாண்டிவிடும். தவறாகத் தேர்வு செய்தால் கை சுடும். நான் தப்பித்தது நண்பரிடம் இரவல் வாங்கிய ஹொரைசன் 202 என்ற சிறிய கேமராவால்.

இது 35 மி.மீ. ஃபிலிம் கேமரா. லென்ஸ் இடமிருந்து வலமாகச் சுழன்று 120 டிகிரி காட்சியைப் பதிவு செய்யும். 1966-ல் கட்டிய எங்கள் மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கீழே இறங்கி நின்று எடுத்தேன். 28 தூண்கள், 115 அடி உயரம். ஃபிலிமைக் கழுவி, ஸ்கேன் செய்து திரையில் பார்த்தால், நேரான பாலம் வானவில் போல நடுவில் உயர்ந்து, இரு ஓரமும் தாழ்ந்து நிற்கிறது! கேமராவில் பழுது இல்லை. சுழலும் லென்ஸின் குணமே அதுதான். மீடியம் ஃபார்மட்டில் வரும் நோப்லெக்ஸும் இதே வகை.

இதைச் சரிசெய்ய 'ஹகின்' என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. படத்தை ஏற்றும்போது லென்ஸ் வகையைப் 'பனோரமிக்' என்றும், கோணத்தை 120 என்றும் கொடுங்கள். வெளிவரும் படத்தின் ப்ரொஜெக்‌ஷனை 'ரெக்டிலீனியர்' என மாற்றுங்கள். பாலம் நிமிர்ந்துவிடும். ஆனால் ஓரத்துத் தூண்கள் ரப்பர் போல இழுபடும். கோணத்தை 90-ஆகக் குறைத்தபோதுதான் எனக்குப் பார்க்கும்படி வந்தது. அதாவது காசு கொடுத்து வாங்கும் அகலத்தில் கால் பங்கு போயிற்று.

லென்ஸ் அசையாத வகை ஃபியூஜி ஜிஎக்ஸ்617, லின்ஹாஃப் டெக்னோரமா 617 போன்றவை. நேர்கோடு நேராகவே விழும். படம் 56 x 168 மி.மீ.; ஒரு ரோலில் நான்கே படம். 90 மி.மீ. லென்ஸ் என்றால் ஓரங்கள் இருளும். அதற்கான சென்டர் ஃபில்டரும் சேர்ந்து வருகிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

அகலமான லென்ஸ்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். கன்னியாகுமரிக் கரையிலிருந்து திருவள்ளுவர் சிலை சுமார் அரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 133 அடிச் சிலை 90 மி.மீ. லென்ஸில் ஃபிலிமில் 7 மி.மீ. உயரம்தான் விழும். 180 மி.மீ. லென்ஸில் இரு மடங்கு. விவேகானந்தர் பாறையும், 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் அப்போதும் சட்டத்துக்குள் அடங்கும்.

இனி உங்கள் கம்ப்யூட்டர். 617 படத்தை 2400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் சுமார் 15,900 x 5,300 பிக்ஸல். 24 பிட் நிறத்தில் 250 எம்பி. 48 பிட் என்றால் 500 எம்பி. எடிட் செய்யும்போது ஒவ்வொரு லேயருக்கும் இவ்வளவு இடம் மீண்டும் தேவைப்படலாம். 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் நகரவே நகராது. சாதாரண ஸ்கேனரும் உதவாது. மூடியிலும் விளக்கு வேண்டும். அந்த விளக்கு 17 செ.மீ. நீளத்தை எட்டாவிட்டால் இரண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஹகினில்தான் ஒட்ட வேண்டும். 120 ஃபிலிம் கழுவித் தரும் லேப் எங்கே என்பதையும் முதலிலேயே விசாரித்து வையுங்கள்.

நீங்கள் எடுக்க விரும்பும் இடத்துக்குப் போய் செல்போனில் ஒரு பனோரமா எடுத்துப் பாருங்கள், செலவே இல்லை. சுழலும் லென்ஸ் தரும் வளைவு ஏறக்குறைய அதுதான். அந்த வளைவு உங்களுக்குப் பிடித்திருந்தால் நோப்லெக்ஸ் போதும். எனக்குப் பிடிக்கவில்லை. ராமை 16 ஜிபி ஆக்கிவிட்டு, 180 மி.மீ. லென்ஸுடன் ஒரு 617-க்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன்.