காப்பீட்டு அட்டை: திண்ணையில் பேசுவதும் திட்டத்தில் இருப்பதும்

ரேஷன் கடை வரிசையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாத்திரை வரிசையிலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசிக்கொள்வதில் பாதி தவறு. யாரும் வேண்டுமென்று கட்டிவிட்ட கதைகள் இல்லை. பெரும்பாலும் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தவை, அல்லது வேறொரு காப்பீட்டின் விதிகள். 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கிய திட்டம் 2012 ஜனவரியில் இப்போதைய பெயருக்கு வந்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற அளவை எட்டியது. 72,000 ரூபாயாக இருந்த குடும்ப வருமான வரம்பு 2022-ல் 1,20,000 ஆனது. விதி மாறிய வேகத்துக்குப் பேச்சு மாறவில்லை.

“அறுபது தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். சுகர், பிரஷர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.”

இது தனியார் பாலிசி விற்பவர்களிடம் கேட்டுப் பழகிய பேச்சு. அரசுத் திட்டத்தில் வயது உச்சவரம்பு கிடையாது. சேரும்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலமும் கிடையாது. எண்பது வயதுப் பாட்டி இன்று சேர்ந்து நாளை டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. 2022 ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். ஆகவே “அட்டை வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்” என்று எவராவது வீடு தேடி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

“பையன் சம்பாதிக்கிறான், எங்களுக்குக் கிடைக்காது.”

இதில் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறான பாதியில்தான் நிறையப் பேர் வாய்ப்பை இழக்கிறார்கள். திட்டம் பார்ப்பது தனி ஆளை அல்ல, குடும்ப அட்டையை. பெற்றோர் பெயர் மகனுடைய ரேஷன் அட்டையில் இருந்தால், அந்த அட்டையில் உள்ள எல்லோருடைய வருமானமும் சேர்த்துத்தான் கணக்கு. பெரியவர்கள் தனியாக வசித்து, தங்களுக்கென்று ஓர் அட்டை வைத்திருந்தால் அவர்கள் வருமானம் மட்டும். மகன் சென்னையில் எவ்வளவு வாங்கினாலும் அது வேறு குடும்பம். உண்மையிலேயே தனி அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் தனி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கணவர் போன பிறகு மாதம் ஒரு பிள்ளை வீடு என்று மாறி மாறி இருக்கும் அம்மாக்கள். பெரியவன் அட்டையிலிருந்து பெயரை நீக்கியிருப்பார்கள், சின்னவன் அட்டையில் சேர்த்திருக்க மாட்டார்கள். அரிசி யாரோ ஒருவர் வாங்கிப் போடுவதால் இது ஆண்டுக்கணக்கில் தெரியவே தெரியாது. தெரியவரும் இடம் ஐ.சி.யூ. வாசல். அட்டையில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீட்டிலும் பெயர் இல்லை.

வரம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் பத்தாயிரம். கணவன் மனைவி இருவரும் கூலிக்குப் போகும் வீடுகூட இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். வருமானச் சான்றிதழில் எழுதப்படும் தொகைக்கும் வீட்டு நடப்புக்கும் உள்ள தூரம் எல்லா கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும். வரம்பை உயர்த்தினால் இந்த நாடகம் குறையும் என்பது என் கருத்து.

“அந்த அஞ்சு லட்சம் பேரப்பிள்ளைக்கு ஆகட்டும், எனக்கு எதுக்கு?”

தொகை மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து என்பது உண்மை. ஆனால் செலவழிக்காமல் விட்டது அடுத்த ஆண்டுக்குப் போய்ச் சேராது. ஆண்டு பிறந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்கும். தாத்தா தன் இதய அடைப்பை வைத்துக்கொண்டு சேமித்துக் கொடுக்கும் பணம் பேரனுக்கு வருவதே இல்லை.

“பெரியாஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு?”

அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனை திருப்பி அனுப்பாது. ஆனால் அங்கே செய்யும் அறுவைச் சிகிச்சைக்கும் காப்பீட்டிலிருந்து பணம் வருகிறது. அந்தப் பணம் மருத்துவமனையின் கணக்கில் சேர்ந்து, ஸ்டென்ட், எலும்புக்குப் பொருத்தும் தகடு, கருவிகள் வாங்க உதவுகிறது. நர்ஸ் திரும்பத் திரும்ப அட்டை கேட்பது இதற்காகத்தான். வீட்டில் பெட்டிக்குள் வைத்துவிட்டு வராதீர்கள்.

“அட்டை இருந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் கைக்காசு செலவில்லை.”

அதிகம் அடிபட வைப்பது இந்த நம்பிக்கைதான். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டுமே அட்டை செல்லும். அவற்றிலும் ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன துறை என்று அனுமதி உண்டு. இதயத்துக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரி சிறுநீரகத்துக்குச் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றில் சில அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை.

நோயாளி சேர்ந்தவுடன் மருத்துவமனை அப்ரூவலுக்கு அனுப்ப வேண்டும். அப்ரூவல் வந்த பிறகு படுக்கை, மருந்து, பரிசோதனை, டாக்டர் கட்டணம் எல்லாம் பேக்கேஜுக்குள் அடங்கும். அதற்கு மேல் நோயாளியிடம் கேட்கக் கூடாது. “அப்ரூவல் வர நாளாகும், இப்போது கட்டுங்கள், பிறகு வாங்கித் தருகிறோம்” என்று சொன்னால் நம்பிக் கட்டாதீர்கள். இது ரொக்கமில்லாத் திட்டம். கட்டிய பில்லை நீட்டிப் பணம் திரும்ப வாங்க வழியில்லை. அங்கேயே நின்று கட்டணமில்லா எண் 1800 425 3993-ஐ அழையுங்கள். சரிவரவில்லை என்றால் கலெக்டரிடம் மனு கொடுங்கள்.

புறநோயாளிச் செலவு, மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரை ஆகியவை இதில் வராது. அதற்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். நடந்து போகும் பெரியவரை வண்டி இடித்துவிட்டால் அது இன்னொரு திட்டம்: இன்னுயிர் காப்போம்–நம்மைக் காக்கும் 48. முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. அதற்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை.

“எழுபது வயதானால் மோடி கார்டு தானாக வந்துவிடும்.”

தானாக எதுவும் வராது. பேச்சில் மோடி கார்டு எனப்படும் ஆயுஷ்மான் வய வந்தனா 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. ஆதார்படி எழுபது நிறைந்த யாரும் வருமானம் பாராமல் தகுதியுடையவர். ஏற்கெனவே ஆயுஷ்மானில் உள்ள குடும்பத்துப் பெரியவருக்குத் தனியாக இன்னொரு 5 லட்சம். அதில் இளையவர்கள் பங்கு கேட்க முடியாது. ஆனால் மாநில அரசு வழியாக நடக்கும் திட்டம் இது. எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் சேரவில்லை; ஆயுஷ்மானில் தில்லி 2025 ஏப்ரலில்தான் சேர்ந்தது. உங்கள் ஊரில் பதிவு எப்படி என்பதை 14555-ல் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ரேஷன் அட்டையை எடுத்து வீட்டுப் பெரியவர்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பெயர் இருந்தும் காப்பீட்டில் சேரவில்லை என்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். பெரியவர்கள் நடக்கும் நிலையில் இருக்கும்போதே அழைத்துப் போங்கள்.