பொங்கல் வார இறுதி: கடற்கரை ஊருக்கு வரும் விருந்தினருக்குத் திட்டம் வகுத்தல்

தமிழ்மொழி – கடிதம் எழுதுதல்

வினா: கொழும்பில் வசிக்கும் உமது மைத்துனர், தைப்பொங்கலோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதியில், கடற்கரையோரமாக அமைந்த உமது ஊருக்கு முதற்றடவையாக வரவுள்ளார். அந்நாட்களை மகிழ்ச்சியாகக் கழிப்பதற்கு நீர் வகுத்துள்ள திட்டத்தை விளக்கி அவருக்கு ஒரு கடிதம் எழுதுக.

மாணவர்களே, இவ்வாறான வினாவைக் கண்டவுடன் "இது இலகு" என்று பலர் உடனே பேனாவை எடுத்துவிடுகின்றனர். பின்னர் விடைத்தாளில் காணப்படுவது என்ன? "முதலில் கோயிலுக்குப் போவோம். அதன் பின்னர் வெளிச்சவீட்டுக்குப் போவோம். அதன் பின்னர் கடலில் குளிப்போம். அதன் பின்னர் ஐஸ்கிறீம் குடிப்போம்." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இது திட்டம் அல்ல, இடப்பெயர்ப் பட்டியல். வினாவிலே "திட்டத்தை விளக்கி" என்ற இரு சொற்கள் உள்ளன. அவற்றின் கீழே ஒரு கோடு இடுங்கள். ஏன் இந்த நாள், ஏன் இந்த நேரம், ஏன் இது முன்னும் அது பின்னும் என்று காரணம் காட்டினால்தான் அது திட்டம் ஆகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பின்னால் "ஏனெனில்" என்ற சொல்லைப் போட்டு, தொடர்ந்து எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த நிகழ்ச்சி அங்கே தேவையில்லை.

இப்பாடத்துக்கு வடமராட்சிக் கரையோரத்தை, குறிப்பாக வல்வெட்டித்துறையை எடுத்துக்கொள்வோம். வேறு கரையோரங்களில் வாழும் மாணவர்கள் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, தமது ஊரை அதிலே வைத்து எழுதுங்கள்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

பொங்கல் எப்போதும் வார இறுதியோடு சேர்ந்து வருவதில்லை. 2022 இல் அது வெள்ளிக்கிழமை வந்தது. 2023 இல் ஞாயிற்றுக்கிழமை. 2024 இல் திங்கட்கிழமை. வெள்ளியில் வந்தால் பெரிய கொண்டாட்டம் முதல் நாளிலேயே முடிந்துவிடும். திங்களில் வந்தால் அது கடைசி நாளில் வரும். ஆகவே இரண்டுக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. நாம் 2024 ஆம் ஆண்டின் நாட்காட்டியை உதாரணமாகக் கொள்வோம்: சனி 13, ஞாயிறு 14, திங்கள் 15 பொங்கல். இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு நாட்கள் ஆயத்தம், மூன்றாம் நாள் உச்சம். கடிதமும் தானாகவே மேலேறிச் செல்லும்.

அடுத்துக் காற்று

புவியியல் பாடத்தில் வடகீழ்ப் பருவக்காற்று டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் என்று படித்திருப்பீர்கள். அதையே எங்கள் கடற்றொழிலாளர் வாடை என்கின்றனர். தென்மேலிலிருந்து வீசுவது சோளகம். ஒரு பாடத்தில் படித்ததை இன்னொரு பாடத்தின் விடையில் பயன்படுத்தக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. பலருக்கு அது தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

வல்வெட்டித்துறைக் கரை வடக்கு நோக்கியது. வாடை கடலிலிருந்து கரையை நோக்கிச் சாய்வாக வீசும். கடற்கரையிலே நின்று ஏற்றும் பட்டம் கடலுக்கு மேலே போகாது. தலைக்கு மேலாகப் பின்னோக்கி எழுந்து ஊரின் மேலே நிற்கும். சோளகக் காலத்திலே அதே கரையில் நின்று பட்டம் விட்டால் அது கடலுக்கு மேலே போய்விடும். நூல் அறுந்தால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டத்திருவிழா நடப்பது பண்டிகை நாள் என்பதற்காக மட்டுமல்ல, காற்றும் அப்போதுதான் ஒத்துழைக்கிறது.

இந்தக் காற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. அந்த மாதங்களில் வடகரைக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். எனவே "கடலில் நீந்தி மகிழ்வோம்" என்று தை மாதத்து வல்வெட்டித்துறையில் எழுதுபவர், தன் ஊர்க் கடலைப் பார்க்காமல் எழுதுகிறார் என்பது பரீட்சகருக்கு உடனே விளங்கும். பரீட்சகரை விடுங்கள். உங்கள் கடிதத்தை நம்பி, நீச்சல் தெரியாத ஒரு மைத்துனர் அலைக்குள் இறங்கினால் என்ன ஆகும்? கடற்கரையில் பிறந்த நமக்கு அலையின் குணம் தெரியும். கொழும்பிலிருந்து வருபவருக்கு நாம் சொன்னால்தான் தெரியும். திட்டத்தில் எதைச் செய்யமாட்டோம் என்பதும் எழுதப்பட வேண்டும்.

பட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாக

இங்கே தாராளமாகச் சொற்களைச் செலவிடலாம். ஏனெனில் இது எல்லா ஊரிலும் கிடைக்கும் காட்சி அல்ல. கொக்குப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், பிராந்துப் பட்டம், படலம் என்று வகைகள் உள்ளன. போட்டிக்கு வருபவையோ இவற்றையும் தாண்டிய விசித்திரப் பட்டங்கள். கப்பல், விமானம், விலங்கு, தேர் என்று ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஏதாவது செய்வார்கள். மூங்கிலைச் சீவி, சட்டம் கட்டி, மெல்லிய வண்ணத்தாள் ஒட்டி, அதற்கு முச்சை கட்டுவது நுட்பமான வேலை. பட்டத்தின் உடலோடு நூலைப் பொருத்தும் கட்டே முச்சை. அது சிறிது பிசகினாலும் பட்டம் குத்துக்கரணம் அடிக்கும். விண் பூட்டிய பட்டமாயின் மேலே நின்று இடைவிடாது கூவும். இருட்டிய பின்பு மின்குமிழ் பூட்டிய பட்டங்களும் ஏறும்.

முச்சை, விண், வாடை, சோளகம் ஆகிய சொற்களைக் கவனியுங்கள். இவை ஊர்ச்சொற்கள்; கடிதத்தில் தயங்காமல் எழுதலாம். மைத்துனருக்கு விளங்காது என்று நினைத்தால் அருகே ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள். "அழகிய பட்டங்கள் வானில் பறந்தன" என்ற வாக்கியத்தை எந்த ஊர் மாணவரும் எழுதுவார். "முச்சை பிசகினால் பட்டம் குத்துக்கரணம் அடிக்கும்" என்பதை முற்றத்திலே பட்டம் கட்டியவர்தான் எழுதுவார்.

பெரிய பட்டம் விளையாட்டுப் பொருள் அல்ல என்பதையும் மறக்கவேண்டாம். 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் பெரிய பட்டமொன்றைப் பலர் சேர்ந்து ஏற்றினர். மற்றவர்கள் கயிற்றை விட்டபோது, விடாமல் பிடித்திருந்த இளைஞர் ஒருவர் கயிற்றோடு மேலே தூக்கிச் செல்லப்பட்டார். அந்தக் காணொளி உலகெங்கும் பரவியது. அவர் உயிர் தப்பியது பெரும் பேறு. எனவே விருந்தினருக்கு ஒரு சிறிய பட்டம் போதும். பெரியதை நின்று பார்க்கலாம். மின்கம்பிகளுக்கு அருகிலும் வீதிக்குக் குறுக்காகவும் நூல் போகக்கூடாது.

எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது

வடமராட்சியில் பார்க்கக்கூடியவை பல. பருத்தித்துறையில் 1916 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு உள்ளது. இலங்கையின் வடமுனை என்று சொல்லப்படும் கரையும் அந்தப் பக்கமே. வல்லிபுர ஆழ்வார் கோயில், அதற்கு அப்பால் மணற்காடு, மேற்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. மணற்காட்டின் மணற்குன்றுகளும் சவுக்கு மரங்களும் மணலிலே பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் இடிபாடும் கொழும்புப் பிள்ளைக்கு நிச்சயம் புதுமையாக இருக்கும்.

வழியைக் கவனியுங்கள். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, வல்லிபுரம், மணற்காடு என்று கிழக்கும் தென்கிழக்குமாக ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வருகின்றன. வெயில் ஏறினால் மணற்குன்றில் கால் வைக்க முடியாது. ஆகவே காலையில் நேரே கடைசி இடத்துக்குப் போய், திரும்பும் வழியில் மற்றவற்றைப் பார்ப்பதே புத்தி. செல்வச்சந்நிதி எதிர்ப்பக்கத்தில் உள்ளது. அதை அதே நாளில் செருகினால் அன்று முழுவதும் பஸ் தரிப்பிடத்திலேயே போய்விடும்.

நெடுந்தீவையும் சிலர் சேர்க்க விரும்புவார்கள். குதிரைகளும் பெருக்குமரமும் பவளக்கல் மதில்களும் நல்லவைதான். ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறை குடாநாட்டின் மறுகோடியில் உள்ளது. அங்கிருந்து படகுப் பயணம் வேறு. கடல் கொந்தளித்தால் படகுச் சேவை நிறுத்தப்படும். மூன்றே நாட்கள் உள்ள ஒருவரை அங்கே அனுப்பித் திரும்ப முடியாமல் தவிக்க விடலாமா? இந்த முறை வேண்டாம். "அடுத்த விடுமுறைக்கு வைத்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதினால் கடிதத்துக்கும் அது அழகு.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரையில் நின்று வானத்தைப் பார்க்கப் பணம் தேவையில்லை. வீட்டிலே பணம் இல்லையே, எதை எழுதுவது என்று எண்ணும் மாணவர் இந்த வினாவை அஞ்ச வேண்டியதில்லை. ஓட்டோவுக்கு ஏறுமுன் கட்டணம் பேசிக்கொள்வது, பனங்கிழங்கை வீட்டிலேயே அவித்துக் கொண்டுபோவது என்று எழுதினால் உங்கள் திட்டம் உண்மையான திட்டமாகத் தெரியும்.

மாதிரிக் கடிதம்

வல்வெட்டித்துறை,
03.01.2024.

அன்புள்ள மச்சான் நிரோஷனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் எல்லோருடைய நலமறிய ஆவல். பொங்கலுக்கு நீ வருகிறாய் என்று மாமா தொலைபேசியில் சொன்ன நாள் முதல் அம்மம்மாவுக்கு நித்திரை இல்லை. உனக்கு என்ன சமைப்பது என்று தினமும் அம்மாவோடு ஆலோசனை. நானும் மூன்று நாட்களுக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறேன்.

வெள்ளி இரவு பஸ் ஏறினால் சனி காலை வந்து சேருவாய். அன்று உன்னை எங்கும் இழுத்துத் திரிய மாட்டேன். நன்றாக நித்திரை கொள். பின்னேரம் முற்றத்தில் இருவரும் ஒரு கொக்குப் பட்டம் கட்டுவோம். அன்றே கட்டினால்தான் ஞாயிறு மாலை ஏற்றிப் பார்த்து, முச்சை பிசகியிருந்தால் திருத்தலாம்.

ஞாயிறு விடியற்காலையில் மணற்காட்டுக்குப் போவோம். வெயில் ஏறமுன் மணற்குன்றுகளில் ஏறி இறங்கிவிட வேண்டும். அம்மம்மா அவித்துத் தரும் பனங்கிழங்கே காலை உணவு. திரும்பும் வழியில் வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டு, பருத்தித்துறையில் வெளிச்சவீட்டை வெளியே நின்று பார்ப்போம். பருத்தித்துறை வடை வாங்காமல் வந்தால் மாமி உன்னை வீட்டுக்குள் எடுக்கமாட்டா. நேரத்தோடு திரும்புவோம், புதுப்பானையும் கரும்பும் வெடியும் வாங்கச் சந்தைக்கு என்னைத்தான் அனுப்புவார்கள்.

திங்கள் சூரியன் எழும்போது பொங்கல். பிற்பகல் கடற்கரைக்குப் போவோம். அங்கே வானத்தில் கப்பலும் தேரும் நிற்பதைப் பார்ப்பாய். நான் எழுதிக் காட்ட முடியாது. ஒன்று சொல்லி வைக்கிறேன். இது வாடைக்காலம், கடலுக்குள் இறங்க அப்பா விடமாட்டார். கேட்டு அவரைக் கோபப்படுத்தாதே. கரையில் காயவிட்ட வலைகளின் மேலும் நடக்காதே, அது அவர்களின் தொழில். இருட்டிய பின் மின்குமிழ்ப் பட்டங்களையும் பார்த்துவிட்டு நீ இரவு பஸ் ஏறலாம். இருக்கையை இப்போதே பதிவு செய்யும்படி மாமாவிடம் சொல். பண்டிகை நாளில் கடைசி நேரத்தில் கிடைக்காது.

நெடுந்தீவை அடுத்த விடுமுறைக்கு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்
கஜன்.

கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள்

"அதன் பின்னர்" எத்தனை முறை வந்துள்ளது? ஒரு முறையும் இல்லை. ஒவ்வொரு பந்தியும் ஒரு நாள். நாளின் பெயராலேயே நேரம் நகர்கிறது. காரணங்கள் "ஏனெனில்" என்று வெளிப்படையாக வரவேண்டியதில்லை. "அன்றே கட்டினால்தான்", "வெயில் ஏறமுன்" என்ற இடங்களில் அவை உள்ளே நிற்கின்றன. "கடலுக்கு இறங்க வேண்டாம்" என்பதை அறிவுரையாகச் சொல்லாமல் அப்பாவின் பெயரில் சொல்லியிருப்பதையும் கவனியுங்கள். சமவயது மைத்துனருக்கு உபதேசம் செய்தால் அவர் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார்.

வினா "உமது" என்று கேட்டாலும் கடிதத்தில் மைத்துனரை "நீ" என்றே விளிக்கலாம். மூத்தவராயின் "நீங்கள்" என்று எழுதுக. தொடங்கியதை இடையில் மாற்றாதீர்கள். பட்டம் + திருவிழா = பட்டத்திருவிழா; ஒற்று விடுபட்டால் பிழை. வல்லின றகரம் வரும் காற்று, ஏற்று, முற்றம் ஆகியவற்றை எழுதிப் பழகுங்கள். சொற்றொகை குறிப்பிடப்பட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தியைச் சுருக்குங்கள், திங்கட்கிழமையைத் தொடாதீர்கள்.

பயிற்சி

1. நிலாவெளியில் வாழும் மாணவி, கண்டியிலுள்ள பெரியம்மாவின் மகளை வார இறுதிக்கு அழைக்க விரும்புகிறார். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் காலத்தைத் தெரிவுசெய்து, காரணம் காட்டிக் கடிதம் எழுதுக.

2. பேருவளையில் வாழும் மாணவர் ஜூலை மாதத்தில் நண்பரை அழைக்கிறார். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அக்கரையில் எவற்றைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும்? அவற்றுக்குப் பதிலாக எவற்றைச் சேர்க்கலாம்?

3. மேலே உள்ள மாதிரிக் கடிதத்தின் திட்டத்தை, பொங்கல் வெள்ளிக்கிழமை வரும் ஆண்டுக்கு ஏற்ப மாற்றி எழுதுக. பட்டம் எப்போது கட்டப்பட வேண்டும்?

4. கஜனின் கடிதத்துக்கு நிரோஷன் எழுதும் பதிற்கடிதத்தை எழுதுக. அவன் ஒரு நிகழ்ச்சியை மாற்றும்படி கேட்கிறான்.