கேட்பதற்கும் பயிற்சி வேண்டும்

கேள்வி: உளவியல் ஆலோசனை என்று பலகை வைத்திருப்பவர்கள் எல்லோரும் முறையாகப் பயின்றவர்களா? அந்தப் பயிற்சியில் உள்ள சிக்கல் என்ன?
– ஒரு வாசகர், கருங்கல்

பதில்: எல்லோரும் அல்லர். உளச்சிகிச்சை என்பது நெறிப்படுத்தப்பட்ட உரையாடலின் வழியே மனத்துயரைக் குறைக்கும் முறை. அதை அளிக்கும் மருத்துவ உளவியலாளர், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘ஆலோசகர்’ என்ற பெயருக்கோ நெடுங்காலம் அத்தகைய வரம்பு இல்லாதிருந்து, 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலர் சட்டமே அவர்களையும் நெறிமுறைக்குள் கொண்டுவர முற்பட்டது.

பயிற்சியின் உயிர்நாடி மேற்பார்வை, அதாவது பயில்பவர் நடத்திய அமர்வுகளை மூத்தவர் ஒருவர் அலசித் திருத்துவது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் அது பாடத்திட்டத்திலேயே அமைந்திருக்க, குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளில் அதற்கு இடமிருப்பது அரிது. மொழி இன்னொரு தடை: ஆங்கில நூல்களில் ‘பதற்றக் கோளாறு’ பற்றிப் படித்தவர், “உறக்கமே இல்ல, நெஞ்சு படபடக்கு” என்று மட்டும் சொல்லும் குமரி மாவட்டத்துப் பெண்ணின் பேச்சில் அதைக் கண்டுகொள்ளவும், உடல்நோய் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்யவும் பழகியிருக்க வேண்டும்.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பெரும்பாலான மனநோய்களில் சிகிச்சை எட்டாதோர் 70 விழுக்காட்டுக்கும் மேல் என்பதால், ஆள் பற்றாக்குறையே அரைகுறைப் பயிற்சிக்கு வழிவிடுகிறது. ஆகவே பதிவு எண்ணைக் கேட்பது வாசகரின் உரிமை. உடனடி உதவிக்கு, டெலி-மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண் உள்ளது.