வைஃபை வரவில்லையா? சிப்பின் எண்ணைச் சொல்லுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக் கணக்கு மேசையிலும், சேலை டிசைன் போடும் அறையிலும், பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலும் இருக்கும் பழைய மடிக்கணினிகளை இனி என்ன செய்வது? லினக்ஸ் போடலாம் என்று யாராவது சொன்னால் உடனே பதில் வரும்: "அதுல வைஃபை வராதே!"

இந்த ஊருக்கு லினக்ஸ் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று, காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதல் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் மையம் உருவாக்கியது அது. ஆனாலும் வைஃபை பற்றிய கதைகள் குறையவில்லை.

நம்பிக்கை: லினக்ஸில் வைஃபை வராது.

ஒருகாலத்தில் பாதி உண்மை. இன்று பெரும்பாலும் பொய். பிராட்காம் நிறுவனம் தன் வைஃபை சிப்புகளின் விவரங்களைப் பல ஆண்டுகள் வெளியே விடவில்லை. தன்னார்வலர்கள் அவற்றைத் தோண்டித் துருவித்தான் பி43 என்ற டிரைவரை எழுதினார்கள். 2010-இல்தான் அந்நிறுவனம் சில சிப்புகளுக்கு மூலநிரலைத் திறந்தது. இன்டெல் அப்படியில்லை, தன் டிரைவரைத் தானே எழுதி, லினக்ஸின் மையமான கர்னலுக்குள் சேர்த்துவருகிறது. பழியை லினக்ஸ் சுமந்தது. கதவைச் சாத்தியவர்கள் சிப் செய்தவர்கள்.

இன்று பெரும்பாலான டிரைவர்கள் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அப்படியும் வைஃபை எழவில்லை என்றால் முதலில் ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அட்டை கோக்காவிட்டால் எந்தப் பாவு இழையைத் தூக்குவது என்று அதற்குத் தெரியாது. சிப்புக்கு அந்த அட்டைதான் ஃபர்ம்வேர். டிரைவர் சரியாக இருந்தும் இந்தக் கோப்பு இல்லாமல் முடங்கிய கணினிகள் ஏராளம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் தன் நிறுவல் வட்டில் இவ்வகைக் கோப்புகளைச் சேர்ப்பதில்லை என்று நெடுநாள் பிடிவாதமாக இருந்தது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை வட்டிலேயே உண்டு. டிமெஸ்ஜி (dmesg) கட்டளையை ஓட்டினால், எந்தக் கோப்பைத் தேடி ஏமாந்தது என்று கர்னலே பெயர் சொல்லும். லினக்ஸுக்குப் பதிலாக ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போட்டவர்களுக்கு எஃப்டபிள்யூ_அப்டேட் என்ற ஒரே கட்டளை போதும்.

இணையமே இல்லாமல் அந்தக் கோப்பை எப்படி இறக்குவது என்பார்கள். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் மாட்டி, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். இதற்குத் தனி டிரைவர் எதுவும் தேட வேண்டியதில்லை.

நம்பிக்கை: நல்ல கம்பெனி யூஎஸ்பி வைஃபை டாங்கிளாகச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி மாட்டினால் ஓடிவிடும்.

டப்பாவின் மேலிருக்கும் பெயர் வேறு, உள்ளே இருக்கும் சிப் வேறு. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற டாங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் ஏத்தராஸ் சிப். லினக்ஸில் மாட்டிய கையோடு ஓடும் என்று பேர் வாங்கியது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்பை வைத்துவிட்டார்கள். அதே பெயர், அதே வடிவம். பழைய சிபாரிசை நம்பி வாங்கியவர்கள் விழித்தார்கள். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரும் டப்பாவைத்தான் பார்க்கிறார்.

கூட வரும் சிடியைத் தூக்கி வையுங்கள். அதிலிருப்பது பெரும்பாலும் விண்டோஸுக்கானது. என்டிஐஎஸ்ராப்பர் வைத்து விண்டோஸ் டிரைவரை லினக்ஸில் ஓட்டும் வித்தையும் காலாவதியாகிவிட்டது. சில ரியல்டெக் டாங்கிள்கள் மாட்டியதும் தங்களையே சிடி டிரைவ் என்று காட்டிக்கொள்ளும், உள்ளே விண்டோஸ் டிரைவரை வைத்துக்கொண்டு. யூஎஸ்பி_மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல் அந்த வேஷத்தைக் கலைக்கும்.

ஆகவே முதல் வேலை, சிப்பின் எண்ணைப் பார்ப்பது. டாங்கிள் என்றால் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை, உள்ளே பொருத்தியது என்றால் எல்எஸ்பிசிஐ -nn. எண்ணின் முன்பாதி நிறுவனம், பின்பாதி மாடல். உள்ளே பொருத்திய இன்டெல் சிப் என்றால் முன்பாதி 8086. தன் பழைய புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அடையாளமாக வாங்கி வைத்திருக்கிறது அந்த நிறுவனம்! அடுத்து கர்னல் பதிப்பு. ரியல்டெக்கின் சில யூஎஸ்பி சிப்புகளுக்கு 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கர்னலில்தான் உள்ளேயே டிரைவர் கிடைத்தது. பழைய கர்னலை வைத்துக்கொண்டு வெளியே டிரைவர் தேடி அலைவதைவிடக் கர்னலைப் புதுப்பிப்பது மேல்.

நம்பிக்கை: ஒருமுறை டிரைவர் போட்டால் போதும்.

கர்னலோடு வந்த டிரைவர் என்றால் போதும். வெளியிலிருந்து எடுத்துத் தொகுத்தது என்றால், கர்னல் புதுப்பித்த மறுநாள் வைஃபை காணாமல் போகும். டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகப் போட்டிருந்தால் ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் அதுவே மறுபடி தொகுத்துக்கொள்ளும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு படி உண்டு: கையொப்பமில்லாத டிரைவரை அது ஏற்காது. உபுண்டு லினக்ஸில் டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை வரும். வைரஸ் என்று பதறித் தாண்டிவிடாதீர்கள். சாவியைப் பதிவு செய்யும் இடம் அதுதான்.

சில நேரம் டிரைவருக்குச் சம்பந்தமே இருக்காது. விசைப்பலகையில் விமானக் குறி பொத்தானைத் தெரியாமல் அழுத்தியிருப்போம். ஆர்எஃப்கில் கட்டளை காட்டிக்கொடுக்கும். போனில் தெரியும் வைஃபை கணினியில் மட்டும் தெரியவில்லை என்றால், ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கிறதா என்று பார்த்து 1, 6, 11-இல் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சிக்கல் தீரவில்லை என்றால், காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம். "வைஃபை வரல" என்று மட்டும் கேட்காதீர்கள். சிப்பின் எண், கர்னல் பதிப்பு, டிமெஸ்ஜி காட்டிய வரி மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.