கியர்ப்பெட்டி காட்டும் முற்குறிகள்

உடலிற் புகுந்த நோய் முற்றுமுன் சில குறிகளைக் காட்டும். மோட்டார் வண்டியும் அத்தன்மைத்தே. அதன் உறுப்புக்களுட் பெருஞ்செலவு வைப்பவற்றுள் ஒன்று கியர்ப்பெட்டி. கடுகண்ணாவை ஏற்றத்திலோ நுவரெலியா இறக்கத்திலோ அது கைவிடுமாயின், பொருளிழப்போடு உயிருக்கும் ஊறு நேரலாம். ஆதலின் அதன் குறிகளை அறிதல் வண்டி செலுத்துவோர் யாவர்க்கும் கடமையாகும்.

முதற்கண் கியர்ப்பெட்டியின் தொழில் யாதென நோக்குவோம். எஞ்சின் விரைந்து சுழலும்போதே போதிய வலிமை தரும். சக்கரமோ புறப்படும்போது மெல்லச் சுழல வேண்டும். இவ்விரண்டையும் இணக்குவது கியர்ப்பெட்டி. முதற் கியரில் எஞ்சின் ஏறத்தாழ மூன்றரை முறை சுழல, பெட்டியின் வெளித்தண்டு ஒருமுறை சுழலும். விரைவு குறையத் திருப்பும் வலிமை பெருகும். பற்கள் உராயாது இணைய உதவும் சின்க்ரோமெஷ் அமைப்பு 1928இற் கடிலாக் வண்டியில் வந்தது. 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ராமற்றிக் என்னும் தானியங்கிக் கியரை அறிமுகஞ் செய்தது. இன்று நம் வீதிகளில் ஓடும் யப்பானிய வண்டிகள் பலவற்றில், இரு கப்பிகளும் ஒரு பட்டியும் கொண்ட சீ.வீ.ரீ. அமைப்பு உண்டு.

அறிவு பெறும் வாயில்களாகக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைச் சைவசித்தாந்த நூல்கள் கூறும். அவை இங்கும் துணையாவன.

காட்சியாவது புலன்களால் அறிதல். கியர் மாற்றும்போது எழும் அரைப்போசையைச் செவி அறியும். தீய்ந்த மணத்தை மூக்கு அறியும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் சிந்தியிருப்பதைக் கண் அறியும். அதிர்வையும் குலுக்கத்தையும் மெய் அறியும்.

கருதலாவது, புகையைக் கொண்டு நெருப்புண்மை துணிதல்போலக் கண்ட குறியாற் காணாப் பழுதை உணர்தல். எஞ்சினை நிறுத்தியபோது எளிதில் விழும் கியர், அது ஓடும்போது அரைத்து மறுக்குமாயின், கிளச்சு முற்றாக விடுபடவில்லை என்க. ஒரு கியர் மட்டும் அரைக்குமாயின், அதன் சின்க்ரோமெஷ் தேய்ந்திருத்தல் கூடும். எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாவிடின் கிளச்சுத் தட்டு வழுக்குகின்றது. நியூற்றலில் எழும் ஓசை கிளச்சை மிதித்ததும் அடங்குமாயின், பெட்டியின் உள்தண்டுப் பேரிங் ஐயத்துக்குரியது. மிதித்தபின்னரே எழுமாயின், கிளச்சை விடுவிக்கும் பேரிங் ஐயத்துக்குரியது. கியர் தானே நழுவி நியூற்றலுக்கு வருதல் மிகக் கொடிய குறி. இறக்கத்தில் அது நிகழின் எஞ்சினின் தடுப்பாற்றல் அற்றுப்போம். பிறேக்கே முழுச்சுமையுந் தாங்கிச் சூடேறித் தளரும்.

தானியங்கி வண்டியில், லீவரை மாற்றியபின் வண்டி சிறிது நேரம் தயங்கிப் பின் வெடுக்கெனப் பாய்ந்து புறப்படுமாயின், எண்ணெயின் அளவோ அழுத்தமோ குறைந்திருக்கலாம். அவ்வெண்ணெய் பெரும்பாலும் தெளிந்த செந்நிறமுடையது. கரும்பழுப்பு நிறமும் தீய்ந்த மணமும் உட்டட்டுக்கள் கருகியமைக்குச் சான்றாகும்.

உரையாவது, வண்டியை ஆக்கியோர் தந்த கைந்நூலும், தொழிலறிந்த மெக்கானிக்கின் சொல்லும். சீ.வீ.ரீ. அமைப்புக்கு அதற்கென விதித்த எண்ணெயே வார்த்தல் வேண்டும்; வேறெண்ணெய் பெட்டியைக் கெடுக்கும். பழுதுற்ற தானியங்கி வண்டியை, ஓட்டுஞ் சக்கரங்கள் நிலத்திற் படுமாறு இழுத்துச் செல்லலாகாது. எஞ்சின் ஓடாதபோது எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடுதலின், உள்ளுறுப்புக்கள் எண்ணெயின்றித் தேயும்.

எனினும், குறி கண்டவுடன் பெட்டி முழுவதும் பழுதென அஞ்சி மாற்றப் புகுதலும் அறிவுடைமையன்று. எண்ணெய்க் குறைவு, தாங்கிறப்பரின் தேய்வு என்னும் சிறு குறைகளும் இவ்வாறே தோன்றும். எந்தக் கியரில், எஞ்சின் குளிர்ந்தபோதா சூடேறியபோதா, ஏற்றத்திலா சமநிலத்திலா குறி தோன்றிற்று எனக் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் கூறுக. நோயாளி தன் வருத்தத்தைத் தெளிவாகக் கூறின் வைத்தியன் தொழில் பாதி முடிந்ததன்றோ?

வாடகை வண்டியொன்றே வாழ்வுக்கு ஆதாரமான குடும்பங்கள் நம்மிடையே பலவுள. அவர்க்குக் கியர்ப்பெட்டியின் அழிவு அடுப்பின் அணைவாகும். காலத்தில் வார்த்த சிறிது எண்ணெய் பெருஞ்செலவைத் தவிர்க்கும். காலத்திற் கேட்ட சிற்றோசை ஓர் உயிரையுங் காக்கும்.